கழிவுப்பாகு தின்னும் காளை: ஆற்றல் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரும்பாலையில் சர்க்கரையை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகை, அதாவது மொலாசஸை, தீவனத்தில் கொஞ்சம் சேர்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையே முக்கியத் தீவனமாக வைத்து ஆயிரக்கணக்கில் காளைகளைக் கொழுக்க வைத்த நாடு கியூபா. அங்கே நடந்ததை வைத்து, பாகில் இருக்கும் ஆற்றல் எவ்வளவு, அதில் இறைச்சியாக மாறுவது எவ்வளவு, மீதி எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

பாகில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு கிலோ கழிவுப்பாகில் கால் பங்கு தண்ணீர். மீதி 750 கிராம் உலர் பொருளில் பெரும்பகுதி சர்க்கரை. நார்ச்சத்து கிடையாது, கொழுப்பும் இல்லை என்றே சொல்லலாம். புரதம் என்று ஆய்வறிக்கையில் 3, 4 சதவீதம் போட்டிருப்பார்கள். அதிலும் பாதிக்கு மேல் உண்மையான புரதம் அல்ல, வேறு நைட்ரஜன் பொருள்கள். சாம்பல், அதாவது எரித்தபின் மிஞ்சும் தாதுப் பொருள், மட்டும் ஏராளம்: உலர் பொருளில் 10 சதவீதத்தை ஒட்டி வரும். அதில் பொட்டாசியம் அதிகம், பாஸ்பரஸ் மிகக் குறைவு.

சாம்பலில் ஆற்றல் இல்லை. அதனால் ஆரம்பத்திலேயே பாகு தானியத்துக்குக் கீழேதான். ஒரு கிலோ உலர் பொருளுக்கு வளர்சிதை ஆற்றல், அதாவது தின்றதில் உடலின் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றல், மக்காச்சோளத்தில் சுமார் 13 மெகாஜூல் என்றால் பாகில் 10, 11 மெகாஜூல். இந்த வித்தியாசம் மட்டும் என்றால் பேச ஒன்றுமில்லை, கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் சரியாகிவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

கியூபாவில் ஏன் இந்த வேலையில் இறங்கினார்கள்?

தானியம் இல்லை, பாகு மலை போல இருந்தது. 1970 அறுவடையில் ஒரு கோடி டன் சர்க்கரை எடுப்போம் என்று அறிவித்து, 85 லட்சம் டன் எடுத்த நாடு அது. சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பாகும் கூடவே வரும். அமெரிக்கத் தடையால் மக்காச்சோள இறக்குமதி எளிதாக இல்லை. வறட்சி மாதங்களில் புல்லும் காய்ந்துவிடும்.

1965-ல் ஹவானாவுக்கு அருகே கால்நடை அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் ரோவெட் நிறுவனத்தில் பார்லியைக் கொடுத்து ஓராண்டுக்குள் காளைகளை 400 கிலோ அளவுக்குக் கொண்டுவரும் முறையை வளர்த்தெடுத்த தாமஸ் ரெஜினால்ட் பிரஸ்டன் அங்கே வந்து சேர்ந்தார். வில்லிஸ், எலியாஸ் போன்ற சக ஆய்வாளர்களுடன் அவர் செய்த பாகு–யூரியா சோதனைகள் 1967-ல் 'நேச்சர்' இதழில் வெளியாயின. பார்லியை வைத்து வேலை செய்தவரே பாகுக்கு மாறியதால், இரண்டையும் ஒப்பிட நல்ல அடிப்படை கிடைத்தது.

அந்தக் காளைகளுக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுத்தார்கள்?

தொட்டியில் பாகு, தின்னும் அளவுக்கு. அதில் 2.5 முதல் 3 சதவீதம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்துக் கலந்திருப்பார்கள் (வயிற்று நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் கிடைக்க). 100 கிலோ உடல் எடைக்கு 3 கிலோ வீதம் பசும்புல், அல்லது தினமும் சில மணி நேரம் மட்டும் மேய்ச்சல். 400 கிராம் அளவில் மீன்தூள், தாது உப்பு, குடிக்கத் தண்ணீர். அவ்வளவுதான். இதில் ஒரு நாளைக்கு 800 முதல் 900 கிராம் வரை எடை கூடியது.

தொட்டி காலியாகவே கூடாது என்பது கண்டிப்பான விதி. அரை நாள் காய்ந்து கிடந்த மாடு பாகைப் பார்த்ததும் முகத்தை அமிழ்த்திவிடும். அப்போது யூரியாவும் ஒரே நேரத்தில் உள்ளே போகும். எப்போதும் இருக்கிறது என்று தெரிந்த மாடு வரும், நாலு நக்கு நக்கும், மூக்கைச் சுற்றிப் பழுப்பு அப்பியபடி போய்ப் படுத்துக்கொள்ளும்.

சரி, தானியத்தோடு ஒப்பிட்டால் ஒரு கிலோ எடை கூட எவ்வளவு ஆற்றல் செலவாகிறது?

முழு எண்களில் ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 300 கிலோ காளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாகுத் தீவனம்: 7.5 கிலோ பாகு (உலர் பொருள் 5.6 கிலோ) தருவது சுமார் 59 மெகாஜூல். 9 கிலோ பசும்புல் 15 மெகாஜூல். மீன்தூள் 5. மொத்தம் 79. எடை கூடுவது 850 கிராம். ஆக, ஒரு கிலோ எடைக்கு 93 மெகாஜூல்.

தானியத் தீவனம்: 7 கிலோ உலர் பொருள், கிலோவுக்கு 12.5 வீதம் 87 மெகாஜூல். எடை கூடுவது 1.2 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 73 மெகாஜூல்.

இந்த 20 மெகாஜூல் வித்தியாசத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 300 கிலோ காளை வளராமல் சும்மா உயிரோடு நிற்கவே நாளுக்குச் சுமார் 36 மெகாஜூல் வேண்டும். அதைக் கழித்துவிட்டால், ஒரு கிலோ வளர்ச்சிக்குப் பாகில் 51, தானியத்தில் 43. அதாவது மேலே சொன்ன 20-ல் 8 மெகாஜூல்தான் பாகின் ஆற்றலை உடல் சரியாகப் பயன்படுத்தாததால் வருவது. மீதி 12, மெதுவாக வளர்வதால் வருவது.

மெதுவாக வளர்வதன் செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 200 கிலோ ஏற்ற வேண்டும் என்றால் தானியத்தில் 167 நாள், பாகில் 235 நாள். கூடுதலான 68 நாளும் தினம் 36 மெகாஜூல் உயிர் வாழும் செலவு. அது மட்டுமே ஏறக்குறைய 300 கிலோ பாகு! ஆற்றல் திறனைக் கூட்ட எளிய வழி தினசரி வளர்ச்சியைக் கூட்டுவதுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரே மெகாஜூல்தானே? பாகிலிருந்து வந்தால் ஏன் குறைவாக வேலை செய்ய வேண்டும்?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நாம் சர்க்கரை தின்றால் அது குடலில் குளுக்கோஸாக இரத்தத்தில் ஏறும். மாடு தின்றால் ஏறாது. முதல் வயிறான ருமெனில் இருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டு நொதிக்க வைத்துவிடும். மாட்டுக்குக் கிடைப்பது அந்த நொதித்தலில் வெளிவரும் மூன்று அமிலங்கள்: அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக். இவற்றில் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றக்கூடியது புரோப்பியானிக் ஒன்றுதான்.

தானியம் தின்னும் மாட்டில் புரோப்பியானிக் நிறைய உருவாகும். போதாததற்கு மக்காச்சோள மாவுச்சத்தில் ஒரு பகுதி ருமெனில் உடையாமல் தப்பிச் சிறுகுடலுக்குப் போய் நேரடியாகக் குளுக்கோஸாகும். பாகுச் சர்க்கரையில் தப்பிப்பது எதுவும் இல்லை. பாகை அதிகம் தின்னும் மாட்டின் ருமெனில் பியூட்டிரிக்கின் பங்கு வழக்கத்துக்கு மாறாக ஏறி, அசிட்டிக்கை எட்டிப் பிடிக்கும். சில நேரம் தாண்டியும் போகும். புரோப்பியானிக் கீழே கிடக்கும். கியூபாவில் அளந்து பார்த்தபோது ஆய்வாளர்களையே ஆச்சரியப்படுத்திய விஷயம் இது. சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும் மாடு, உடலுக்குள் குளுக்கோஸ் பற்றாக்குறையில் இருக்கிறது.

பற்றாக்குறை வந்தால் என்ன? அசிட்டிக் அமிலத்திலிருந்து உடல் கொழுப்பு கட்ட வேண்டுமானால் ஒரு துணைப்பொருள் தேவை. அதில் கணிசமான பங்கு குளுக்கோஸை எரித்துத்தான் வரும். செங்கல் லாரி லாரியாக வந்திறங்கி, சிமெண்ட் மட்டும் வராத கட்டட வேலை மாதிரி ஆகிவிடுகிறது நிலைமை. கட்ட முடியாத அசிட்டிக்கை உடல் வெறும் வெப்பமாக எரித்துத் தள்ளும். வெப்ப நாட்டில் அந்த வெப்பத்தை வெளியேற்றுவதும் மாட்டுக்குச் சிரமம், அதனால் தீனியையும் குறைத்துக்கொள்ளும்.

இதற்கு மேல் மீத்தேன். சர்க்கரை பியூட்டிரிக்காகவும் அசிட்டிக்காகவும் மாறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அது மீத்தேனாக, ஆற்றலையும் சேர்த்துக்கொண்டு, ஏப்பத்தில் போய்விடும். புரோப்பியானிக் உருவாகும்போது அதே ஹைட்ரஜன் அதற்குள் பிடித்துவைக்கப்படும். ஆக, அங்கேயும் பாகுக்குத்தான் நஷ்டம்.

மீன்தூள் புரதத்துக்குத்தானே? ஆற்றல் கணக்கில் அதற்கு என்ன வேலை?

புரதத்துக்குத்தான். ஆனால் ஆற்றல் வீணாவதைத் தடுப்பதும் அதே மீன்தூள்தான்.

யூரியா கொடுப்பது நுண்ணுயிர்களுக்கு. ஒரு கிலோ பாகில் 25 கிராம் யூரியா கலந்தால் 11.5 கிராம் நைட்ரஜன், 72 கிராம் கச்சாப் புரதத்துக்கு (நைட்ரஜனை வைத்துக் கணக்கிடும் புரத அளவு) சமம். நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, பின்னர் குடலில் தாங்களே புரதமாகச் செரிக்கப்படும். ஆனால் வேகமாக வளரும் இளங்காளைக்கு அந்தப் புரதம் போதாது. ருமெனில் உடையாமல் நேராகக் குடலுக்குப் போகும் புரதம் வேண்டும். மீன்தூள் அப்படிப்பட்டது. அதன் அமினோ அமிலங்களில் சில தசையாகும், சில கல்லீரலில் குளுக்கோஸாகும். மேலே சொன்ன சிமெண்ட் இதிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது.

மீன்தூளை நிறுத்திவிட்டு யூரியாவை மட்டும் நம்பினால் வளர்ச்சி விழுந்துவிடும். 400 கிராம் மீன்தூளில் இருக்கும் 5 மெகாஜூலால் அல்ல, மற்ற 74 மெகாஜூலை உடல் பயன்படுத்த வைப்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. பாகு மலிவு என்று பெருமைப்பட்டுக்கொண்டு மீன்தூளில் கஞ்சத்தனம் காட்டுபவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பாகைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

மீன்தூள் கிடைக்கவில்லை என்றால்?

டொமினிக்கன் குடியரசு, மொரீஷியஸ் போன்ற இடங்களில் சவுண்டல் இலையை, அதாவது சூபாபுல்லை, பாகோடு கொடுத்துப் பார்த்தார்கள். புல்லின் வேலையையும் புரதத்தின் வேலையையும் ஒரே இலை ஓரளவு செய்துவிடுகிறது. மைமோசின் என்ற நச்சு அதில் இருப்பதால் மொத்த உலர் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் நல்ல மாற்றுதான்.

கரும்பையே நறுக்கிக் கொடுக்கும் முறையில் அரிசி பாலிஷ் தவிடு அருமையாக வேலை செய்தது: கொஞ்சம் கொழுப்பு, ருமெனில் தப்பிக்கும் மாவுச்சத்து, கொஞ்சம் நல்ல புரதம். ஒரு கிலோவுக்குள் தவிடு சேர்த்ததும் வளர்ச்சி சட்டென்று ஏறியது. காரணம் அதே குளுக்கோஸ்தான்.

புல்லைக் கூட்டிக்கொண்டே போனால் திறன் கூடுமா?

ஓரளவுக்கு. புல் மிகக் குறைந்தால் அசைபோடுவது நின்றுபோகும், எச்சில் குறையும், ருமென் சோர்ந்துவிடும். பாகுத் தீவனத்தில் சிக்கல் வந்த பண்ணைகளில் பெரும்பாலும் புல்லில்தான் குறை. ஆனால் மட்டமான முற்றிய புல்லை இஷ்டத்துக்குப் போட்டால் மாடு அதில் வயிற்றை நிரப்பிக்கொண்டு பாகைக் குறைத்துவிடும். ஆற்றல் வரவு குறையும், வளர்ச்சியும் குறையும். குறைவாக, ஆனால் நல்லதாக, தினமும் தவறாமல்.

பாகு எவ்வளவு வரை போனால் தானியத்துக்கு ஈடாக இருக்கும்?

உலர் தீவனத்தில் 10, 15 சதவீதம் வரை. கலிபோர்னியாவின் லோஃப்கிரீனும் ஹவாயின் ஒட்டகாகியும் 1960-ல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் அடிப்படையானது. காளைகளுக்குப் பாகை வெவ்வேறு அளவில் கொடுத்து, வெட்டியபின் உடலில் சேர்ந்திருக்கும் ஆற்றலை அளந்தார்கள். பாகு 10 சதவீதமாக இருந்தபோது அதன் நிகர ஆற்றல் மதிப்பு, அதாவது வெப்பமாகப் போனதைக் கழித்தபின் உண்மையில் பயன்பட்டது, நன்றாக இருந்தது. 40 சதவீதத்துக்குப் போனபோது அதே பாகின் மதிப்பு வெகுவாக இறங்கிவிட்டது.

தீவன அட்டவணையில் பாகுக்கு எதிரே ஒரே ஓர் எண்ணைப் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். முதல் கிலோ பாகின் மதிப்பு வேறு, ஏழாவது கிலோவின் மதிப்பு வேறு.

சிறிய அளவில் வேறு லாபங்களும் உண்டு. தூசி அடங்கும், சுவை கூடும், வைக்கோலைக்கூட மாடு ஒதுக்காமல் தின்னும்.

பாகு தின்று மாடு போதையில் தள்ளாடும் என்கிறார்களே?

போதை அல்ல, மூளைப் பாதிப்பு. கியூபாவில் இதைப் பாகு மயக்கம் என்ற பொருளில் அழைத்தார்கள். வயிறு உப்புசத்தோடு சேர்ந்து அங்கே மாடுகள் சாக முக்கியக் காரணமாக இருந்தது இதுதான்.

மாடு கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கும். தலை தொங்கும், வாயில் எச்சில் ஒழுகும். கண் திறந்திருக்கும், ஆனால் கையை ஆட்டினால் இமைக்காது, பார்வை போயிருக்கும். நடக்கவிட்டால் கால் பின்னும். சுவர் கிடைத்தால் நெற்றியை அதில் அழுத்திக்கொண்டு நிற்கும். உடனே பாகை நிறுத்திப் பசும்புல் கொடுக்க வேண்டும், கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இந்த வகை மூளைப் பாதிப்புக்கு வைட்டமின் பி1 ஊசி வழக்கமான மருத்துவம். மூளை குளுக்கோஸை நம்பியிருக்கும் உறுப்பு என்பதால், குளுக்கோஸ் பற்றாக்குறையும் இதற்குக் காரணம் என்று கியூபா ஆய்வாளர்கள் கருதினார்கள். பிழைத்தாலும் பார்வை திரும்பாத மாடுகள் உண்டு.

புல்லைத் தவறாமல் கொடுத்து, முதல் இரண்டு வாரம் பாகைப் படிப்படியாகக் கூட்டினால் இது வருவது வெகுவாகக் குறையும்.

அவ்வளவு யூரியா ஆபத்தில்லையா?

ஆபத்துதான். 100 கிலோ எடைக்கு 30 கிராமுக்கு மேல் யூரியா வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. மேலே சொன்ன 300 கிலோ காளை 7.5 கிலோ பாகில் 190 கிராம் யூரியா தின்கிறது, அதாவது இரண்டு மடங்கு. அது தாங்குவதற்குக் காரணம், கெட்டியான பாகை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நக்குவதும், அம்மோனியாவை உடனே பயன்படுத்த ருமெனில் சர்க்கரை எப்போதும் இருப்பதும்.

ஒரு மழை போதும் இதைக் கெடுக்க. கூரையில்லாத தொட்டியில் மழைநீர் மேலே நிற்கும், யூரியா அதில் கரையும், மாடு வந்து தண்ணீர் குடிப்பதுபோல அதை உறிஞ்சிவிடும். அரை மணி நேரத்தில் நடுக்கம், உப்புசம், கீழே விழுந்து உதைத்தல். உடனடி உதவி என்றால் வினிகரும் நிறையக் குளிர்ந்த நீரும். அதுவும் மருத்துவர் குழாய் வழியாகக் கொடுத்தால்தான் நுரையீரலுக்குள் போகாமல் இருக்கும். தொட்டிக்குக் கூரை போடுவது இதைவிட மலிவு.

சாணம் தண்ணியாகப் போகிறதே, ஆற்றல் அதில் வீணாகிறதா?

இல்லை. அது பொட்டாசியத்தின் வேலை. சர்க்கரை எல்லாம் எப்போதோ நொதித்து முடிந்திருக்கும். சிறுநீரும் கூடும், அதனால் தண்ணீர்த் தொட்டி காயக்கூடாது.

எல்லாப் பாகும் ஒன்றுதானா?

முதல் கொதிப்பில் பிரிவது ஏ பாகு, அடுத்தது பி, கடைசியில் மிஞ்சுவது சி. நாம் பேசிக்கொண்டிருப்பது சி. பி-யில் சர்க்கரை கூடுதல், சாம்பல் குறைவு. சர்க்கரையே எடுக்காமல் சாற்றைச் சுண்டவைத்தது இன்னும் செறிவானது. அதையும் பி பாகையும் கியூபாவில் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள், அது சரியான முடிவும்கூட. பன்றிக்கு ருமென் இல்லை, சர்க்கரை குடலிலேயே குளுக்கோஸாக ஏறிவிடும்.

திறன் குறைவு என்று தெரிந்தும் கியூபா ஏன் தொடர்ந்தது?

எந்தத் திறன் என்று கேட்க வேண்டும். ஒரு மெகாஜூல் தீவனத்துக்கு எவ்வளவு இறைச்சி என்றால் பார்லிதான். ஆனால் பாகுக்காகத் தனி நிலம் வேண்டாம், உழவு வேண்டாம். சாற்றைக் காய்ச்சும் எரிபொருளும் கரும்புச் சக்கைதான். மனிதன் தின்னக்கூடிய தானியத்தில் எவ்வளவு செலவானது என்று கேட்டால், அந்தக் காளை தின்றது பூஜ்யம். டாலர் கொடுத்துத் தானியம் வாங்க வழியில்லாத நாட்டில் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

1990-களில் சோவியத் உதவி நின்றபின் கரும்பு உற்பத்தி சரிந்தது. 2002-ல் ஆலைகளில் ஏறக்குறைய பாதியை மூடினார்கள். ஆலை இல்லாத ஊரில் பாகு முறையும் இல்லை.

இதைத் தமிழ்நாட்டில் செய்யலாமா?

அப்படியே செய்ய முடியாது, தேவையும் இல்லை. மாடு வெட்டுவதற்கான வயதும் தகுதியும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், இளங்காளையை இறைச்சிக்கென்று கொழுக்க வைக்கும் தொழில் இங்கே வேரூன்றவில்லை. பாகை வாங்கவும் வைத்திருக்கவும் தனி விதிகள் உண்டு, சாராயத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. இப்போது எத்தனாலும் போட்டிக்கு வந்துவிட்டது. ஒரு டன் சி பாகு 220 லிட்டருக்கு மேல் எத்தனால் தரும் என்னும்போது, ஆலைக்காரர் மாட்டைப் பற்றி யோசிப்பாரா?

ஆனால் கியூபாவில் கற்றது இங்கே வேறு உருவத்தில் வந்தது. பிரஸ்டனோடு சேர்ந்து வேலை செய்த ஆஸ்திரேலியர் ரொனால்ட் லெங், 1980-களின் தொடக்கத்தில் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியத்தோடு இணைந்து யூரியா–பாகு–தாது உப்புக் கட்டியை இந்தியாவில் பரப்ப உதவினார். அந்தக் கட்டியில் பாகு ஆற்றலுக்காக இருப்பதைவிட, யூரியாவை மாடு கொஞ்சம் கொஞ்சமாக நக்குவதற்காகவே இருக்கிறது. வைக்கோல் தின்னும் மாட்டின் ருமெனுக்கு நைட்ரஜன் கிடைத்தால் அந்த வைக்கோலே கூடுதலாகச் செரிக்கும்.

வீட்டில் நாலு மாடு வைத்திருப்பவர் என்ன செய்யலாம்?

உரிமம் உள்ளவரிடமோ தீவனக் கடையிலோ பாகு கிடைத்தால், ஒரு மாட்டுக்கு நாளைக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை தண்ணீரில் கரைத்து வைக்கோல் மேல் தெளிக்கலாம். அந்த அளவில் அதன் ஆற்றல் முழுசாகக் கிடைக்கும். கூடவே யூரியா கலப்பதாக இருந்தால் அளவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கைப்பிடிக் கணக்கு வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு யூரியா கூடவே கூடாது, அதன் ருமென் இன்னும் அதற்குத் தயாராகவில்லை. புண்ணாக்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.